தந்தைப் பட்டம் யாருக்கு?

கேள்வி: சரண்ஜித் சிங்தான் ‘ஆசிட் ஹவுஸ்’ என்னும் மின்னணு நடன இசையின் தந்தை என்கிறார்களே, உண்மையா? அதற்கான கருவியை அவர் நம் சிங்கப்பூரில்தான் வாங்கினாராமே?
- வாசகர், ஈசூன்

பதில்: யாருக்காவது தந்தைப் பட்டம் கொடுக்காவிட்டால் நம்மவர்களுக்குத் தூக்கம் வராது. சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சங்கத்தின் ஆண்டுவிழா. மேடையில் ஆறு நாற்காலி, ஆறிலும் தந்தைகள். பட்டிமன்றத்தின் தந்தை, மரபுக்கவிதையின் தந்தை, மெல்லிசையின் தந்தை... ஏழாவதாக ஒருவர் தாமதமாக வந்தார். மிச்சம் பட்டம் இல்லை. ‘ஒருங்கிணைப்பின் தந்தை’ என்று மைக்கில் அறிவித்துப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தாய்மார்களா? பின்னால் பிரியாணிப் பொட்டலங்களுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரி, சிங்குக்கு வருவோம். பம்பாய் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துப் பிழைத்தவர். இசையமைப்பாளர் ஆர்.டி.பர்மன் பாட்டுகளில் அவர் கை இருக்கும், பெயர் இருக்காது. 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகளான டிபி-303 (பேஸ் பெட்டி), டிஆர்-808 (தாளப் பெட்டி), ஜூப்பிட்டர்-8 (சின்தசைசர்) மூன்றையும் வைத்துக்கொண்டு, தபலாவுக்கு விடுப்பு கொடுத்துவிட்டு, டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள் வாசித்து எச்எம்வியில் இசைத்தட்டு போட்டார். அது விலைபோகவில்லை. அவர் வழக்கமான வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த 303 தனியாகப் பயிற்சி செய்யும் கிடார்காரருக்கு பேஸ் (அடிச்சுருதி) வாசிக்க 1981இல் வந்த பெட்டி. நிஜ பேஸ் கிடார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை. 1984இல் உற்பத்தியை நிறுத்தினார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்ததைச் சிகாகோ பையன்கள் வாங்கித் திருகக் கூடாத குமிழ்களையெல்லாம் திருகினார்கள். ஆசிட் ஹவுஸைத் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் ஃப்யூச்சர் குழுவின் ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வந்தது அப்படித்தான். பம்பாய் இசைத்தட்டு அவர்கள் கைக்கு எட்டியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. வாரிசு இல்லாதவரைத் தந்தை என்பானேன்? 2010இல் நெதர்லாந்துக்காரர்கள் அதை மறுவெளியீடு செய்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. சிங் 2015இல் காலமானார்.

எனக்கு அவரைப் பிடிப்பது வேறு காரணத்துக்காக. 303இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. சிகாகோவுக்கு அது போதை, சிங்குக்கு ராகம். மால்கௌன்ஸ் கேளுங்கள், நம் ஹிந்தோளம்தான். பூபாளி நம் மோகனம். சுரத்தை அசைத்து இழைக்கும் முழு கமகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஜாடை இருக்கிறது.

கருவியைச் சிங்கப்பூரில் வாங்கினார் என்றுதான் சொல்கிறார்கள். இந்தியாவில் இறக்குமதி வரி மிரட்டிய காலம், வந்த பயணிகளெல்லாம் டேப் ரெக்கார்டரும் வீடியோ டெக்கும் அள்ளிப்போனார்கள். அதில் நம் பங்கு கல்லாவில் காசு வாங்கிப் போட்டது மட்டுமே. இதற்கும் பெருமையா?

இதைப் படித்ததும் ஜூரோங் அன்பர் பேனாவை எடுப்பார் என்று தெரியும். மின்னணுக் கருவிகள் ராகத்தைக் கொன்றுவிட்டன என்று வருடா வருடம் எழுதுகிறவர் அவர். ஐயா, அகில இந்திய வானொலி இதே கவலையில்தான் 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை வாசலிலேயே நிறுத்திவைத்தது. கர்நாடக இசை வயலினை வெள்ளைக்காரனிடமிருந்து வாங்கிக்கொண்டபோது யாரும் சாகவில்லை. அப்புறம், நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிய அந்தக் கச்சேரியில் சுருதி போட்டது தம்புராவா? பாடகியின் கைபேசிச் செயலி. பல்லவி நடுவில் அழைப்பு வந்து சுருதி நின்றுபோனது. பாடகி நிறுத்தவில்லை, நீங்களும் தலையாட்டுவதை நிறுத்தவில்லை.