வெள்ளி, தங்கம், பிளாட்டினம்: விமானப் பயணிகளின் எலைட் தகுதி பற்றி வாசகர் கேள்விகள்

பழைய வட ஆற்காட்டுப் பகுதியிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் எலைட் தகுதி, அதாவது வெள்ளி, தங்கம் எனப் படிப்படியாக உயரும் சலுகை நிலை பற்றியவை. வேலூரில் பல ஆண்டுகள் பயண முகவராக இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் வியப்பில்லை. தோல் வணிகர், வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர், மென்பொருள் ஊழியர், செவிலியர் எனப் பறப்பவர்கள் இங்கே ஏராளம். விமானம் ஏறச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போகவேண்டும். கடிதங்களுள் ஆறினை எடுத்துக்கொண்டு விடையளிக்கிறேன்.

கேள்வி: ஆம்பூரில் காலணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் பணிபுரிகிறேன். ஆண்டுக்கு நான்கு முறை மிலானுக்கும் இரண்டு முறை ஹாங்காங்கிற்கும் சென்று வருகிறேன். ஐந்து விமான நிறுவனங்களின் உறுப்பினர் அட்டைகள் என்னிடம் உள்ளன. கடன் அட்டை வழியாக மாற்றியதையும் சேர்த்தால் ஒரு லட்சம் மைல்களுக்கு மேல் இருக்கின்றன. ஆனாலும் எதிலும் வெள்ளித் தகுதிகூடக் கிடைக்கவில்லை. என்னைவிடக் குறைவாகப் பறக்கும் நண்பர் தங்க அட்டையைக் காட்டி வரிசையில் நிற்காமல் போகிறார். எனக்கு எங்கே தவறுகிறது?

பதில்: இரண்டு இடங்களில் தவறுகிறது, ஐயா. முதலாவது, மைல் என்ற ஒரே சொல்லால் குறிக்கப்படும் இரு வேறு கணக்குகளை நீங்கள் ஒன்றாகக் கருதியிருக்கிறீர்கள். இலவசப் பயணச்சீட்டு வாங்கப் பயன்படும் மைல்கள் கையிலுள்ள பணத்தைப் போன்றவை. கடன் அட்டையிலிருந்தும் உணவகச் செலவிலிருந்தும் அவற்றைச் சேர்க்கலாம், சேமிக்கலாம், செலவழிக்கலாம். எலைட் தகுதிக்கான மைல்களோ பள்ளி வருகைப் பதிவேட்டைப் போன்றவை; பெரும்பாலான திட்டங்களில் நீங்களே விமானத்தில் உட்கார்ந்து பறந்தால்தான் அவை பதிவாகும், அவற்றைக் கொண்டு எதையும் வாங்க முடியாது, கணக்கு ஆண்டு முடிந்ததும் புதிய பதிவேடு தொடங்கிவிடும். அதனால் உங்கள் ஒரு லட்சம் மைல்களில் கடன் அட்டை தந்த பகுதி, தகுதிக் கணக்கில் பொதுவாகச் சுழியம்தான்.

இரண்டாவது, ஆறு பயணங்களை ஐந்து நிறுவனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். இத்திட்டங்கள் எதற்காகப் பிறந்தன என்பதை நினைத்துப் பார்த்தால் இது ஏன் பயனற்றது என்பது விளங்கும். அமெரிக்காவில் 1978-இல் விமானக் கட்டணக் கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டுப் போட்டி கடுமையானபோது, அடிக்கடி பறக்கும் வணிகப் பயணிகளைத் தம்மிடமே கட்டிவைக்க நிறுவனங்கள் வழி தேடின. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் திட்டத்தைத் தொடங்கியது. யுனைடெட் நிறுவனம் சில நாள்களிலேயே பின்தொடர்ந்தது. ஒரே கடையில் தொடர்ந்து வாங்குபவருக்கே கடைக்காரர் நாற்காலி எடுத்துப் போடுவார் என்பதுதான் இதன் அடிப்படை.

ஆனால் ஒரே கடை என்பதற்கு ஒரே நிறுவனத்தில்தான் பறக்கவேண்டும் என்று பொருளில்லை. நிறுவனங்கள் கூட்டணிகளாக இணைந்திருக்கின்றன. 1997-இல் தொடங்கிய ஸ்டார் அலையன்ஸில் லுஃப்தான்சா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், தாய் ஏர்வேஸ், யுனைடெட் முதலியவை உள்ளன. ஏர் இந்தியா 2014 ஜூலையில் சேர்ந்தது. 1999-இல் தொடங்கிய ஒன்வேர்ல்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் ஆகியவை இருக்கின்றன. 2000-இல் தொடங்கிய ஸ்கைடீமில் ஏர் பிரான்சும் கேஎல்எம் நிறுவனமும் அடங்கும். எமிரேட்ஸ், இண்டிகோ போன்றவை இம்மூன்றிலும் சேராதவை. ஒரு கூட்டணிக்குள் எந்த நிறுவனத்தில் பறந்தாலும், உங்கள் ஒரே உறுப்பினர் எண்ணைக் கொடுத்து ஒரே கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் பயணங்களையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெங்களூரோ சென்னையோ, அங்கிருந்து பிராங்பர்ட் வழியாக மிலான் சென்று திரும்பினால் ஏறத்தாழ 10,000 மைல். சிங்கப்பூர் வழியாக ஹாங்காங் சென்று திரும்பினால் ஏறத்தாழ 6,800 மைல். முன்னதை லுஃப்தான்சாவிலும் பின்னதைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் சென்று, இரண்டையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் கணக்கிலேயே எழுதினால், நான்கு மிலானும் இரண்டு ஹாங்காங்கும் சேர்ந்து 53,600 மைல் ஆகிறது. அத்திட்டத்தில் பன்னிரண்டு மாதங்களுக்குள் 25,000 மைல் எட்டினால் வெள்ளி, 50,000 எட்டினால் தங்கம். உங்கள் நண்பர் செய்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

மகிழ்ச்சியடைவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். பறந்த தூரம் முழுவதும் வரவாவது, கட்டண வகை அதற்கு இடம் கொடுத்தால்தான். பயணச்சீட்டில் இருக்கை வகுப்பை அடுத்து ஓர் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கும்; அதுதான் கட்டண வகை. ஒரே வரிசையில் அடுத்தடுத்து அமர்ந்த இருவரில் ஒருவருக்கு முழுத் தூரமும், மற்றவருக்குப் பாதியும் வரவாகலாம். மிக மலிவான சில வகைகளில் கூட்டாளி நிறுவனத்தின் கணக்கில் ஒன்றுமே ஏறாமலும் போகலாம். மேலே சொன்ன 53,600 மைல் பாதியானால் 26,800; அதாவது தங்கம் போய் வெள்ளிதான் மிஞ்சும். சீட்டு எடுக்கும் முன் அந்த எழுத்தைப் பார்த்து, நீங்கள் உறுப்பினராக இருக்கும் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். நிறுவனப் பணத்தில் பயணம் செய்பவர்கள் இதை முகவரிடமே கேட்டுவிடலாம். சொல்லாத முகவரை மாற்றிவிடலாம்.

தூரத்தை விட்டுவிட்டுச் செலவழித்த பணத்தையே அளவாக வைக்கும் போக்கும் வளர்ந்து வருகிறது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து, தகுதியான செலவில் ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி என்று மாற்றி, வெள்ளிக்கு 7,500 புள்ளியும் தங்கத்திற்கு 20,000 புள்ளியும் வைத்திருக்கிறது. மலிவுச் சீட்டில் நெடுந்தூரம் பறப்பவருக்கு இத்தகைய திட்டங்கள் ஒத்துவராது. கடைசி நேரத்தில் அதிக விலைக்குச் சீட்டு வாங்க நேரும் உங்களைப் போன்ற ஏற்றுமதித் துறையினருக்கு ஒருவேளை ஒத்துவரலாம்.

கேள்வி: காட்பாடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை நான். நியூ ஜெர்சியில் இருக்கும் மகளைப் பார்க்க நானும் கணவரும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை செல்கிறோம். மருமகன் யுனைடெட்டில் தங்கத் தகுதி உள்ளவர். அவருடைய அட்டையால் எங்களுக்கு விமான நிலையத்தின் வசதியான காத்திருப்பு அறையான லவுஞ்சும் கூடுதல் பெட்டியும் கிடைக்குமா?

பதில்: அவர் உடன் வராத பயணத்தில் கிடைக்காது, அம்மா. எலைட் தகுதி ஆளைச் சேர்ந்தது. குடும்ப அட்டையைப் போல வீட்டுக்குப் பொதுவானது அன்று. யுனைடெட் அடங்கிய ஸ்டார் அலையன்ஸின் தங்கத் தகுதியாளர் லவுஞ்சுக்குள் ஒரு விருந்தினரை அழைத்துச் செல்லலாம். அந்த விருந்தினரும் அதே விமானத்தில் பயணம் செய்பவராக இருக்கவேண்டும். மருமகன் உங்கள் இருவரோடும் சென்னை வரை வந்தாலும், உங்களில் ஒருவர் வெளியே இருக்க நேரும் என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்வது குடும்ப அமைதிக்கு நல்லது. இதில் வேடிக்கையான விதி ஒன்றும் உண்டு. யுனைடெட்டின் தங்கத் தகுதியாளர், அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும் நாளில், யுனைடெட்டின் சொந்த லவுஞ்சில் தம் தகுதியைக் காட்டி நுழைய முடியாது. ஏர் இந்தியாவின் தங்கத் தகுதியாளரோ அதே லவுஞ்சில் அதே நாளில் நுழையலாம்.

கூடுதல் பெட்டியும் தகுதியாளருக்கே உரியது. எடைக் கணக்கில் அனுமதி தரும் பயணங்களில் 20 கிலோ கூடுதலாகவும், அமெரிக்கா போன்ற எண்ணிக்கைக் கணக்குப் பயணங்களில் ஒரு பெட்டி கூடுதலாகவும் ஸ்டார் அலையன்ஸ் தங்கத்திற்குக் கிடைக்கும். சில மலிவுச் சீட்டுகளில் இதுவும் செல்லாது. எனவே மாங்காய் ஊறுகாயும் வடகமும் உங்கள் இருவரின் சீட்டுக்குரிய அளவுக்குள்தான் போகவேண்டும். சக்கர நாற்காலி உதவிக்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. சீட்டு எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுங்கள், கட்டணமும் இல்லை. உங்கள் வயதில் தங்க அட்டையைவிட அதுவே பெரிய வசதி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பறப்பவர்கள் தகுதியைப் பற்றிக் கவலைப்படாமல், நேரமும் விலையும் பார்த்துச் சீட்டு வாங்குவதே முறை.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தை நம்பித் தகுதி சேர்த்த பிறகு அது மூடப்பட்டால் என்ன ஆகும்?

பதில்: நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் உறுப்பினர் திட்டத்தைத் தனி நிறுவனம் நடத்தியதால் மைல்கள் அழியாமல், பின்னர் இன்டர்மைல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தன. ஆனால் பிளாட்டினம் அட்டையை நீட்டுவதற்கு விமானம்தான் இல்லை. இணைப்பு நடந்தால் கதை வேறு. விஸ்தாரா 2024 நவம்பர் 12 அன்று ஏர் இந்தியாவோடு இணைந்தபோது அதன் உறுப்பினர்கள் ஏர் இந்தியாவின் திட்டத்திற்கு மாற்றப்பட்டார்கள். அத்திட்டம் இப்போது மகாராஜா கிளப் எனப்படுகிறது. விஸ்தாரா எக்கூட்டணியிலும் இல்லாதது என்பதால், அங்கே தங்கம் பெற்றவர்களுக்கு ஸ்டார் அலையன்ஸ் முழுவதும் திறந்தது ஆதாயமே. மைல்களை நெடுங்காலம் அடைகாக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: சத்துவாச்சாரியில் வீடு, சென்னையில் மென்பொருள் வேலை. தங்கத் தகுதிக்கு 3,000 மைல் குறைகிறது. ஆண்டுக் கணக்கு முடிய ஐந்து வாரம் இருக்கிறது. சிங்கப்பூருக்கு ஒருமுறை சும்மா போய்வந்தால் தகுதி வந்துவிடும். போகலாமா?

பதில்: அடுத்த ஆண்டு எத்தனை முறை, எந்தக் கூட்டணியில் பறக்கப்போகிறீர்கள் என்று முதலில் எழுதிப் பாருங்கள். தகுதியின் பயன் அது கிடைத்த பிறகு செய்யும் பயணங்களில்தான் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டுப் பயணங்கள் உறுதியாக இருந்தால், தனி செக்-இன் வரிசை, முதலில் வரும் பெட்டி, இடைநிறுத்தத்தில் லவுஞ்ச், விமானம் ரத்தானால் காத்திருப்போர் பட்டியலில் முன்னிடம் ஆகியவை ஒரு சீட்டின் விலைக்கு ஈடாகும். இவற்றில் கடைசியாகச் சொன்னதன் அருமை, நள்ளிரவில் ஒருமுறை மாட்டிக்கொண்டவருக்கே தெரியும். இரண்டு மூன்று பயணங்கள்தான் என்றால் போகாதீர்கள். அந்தப் பணத்தில் தேவைப்படும் நாளில் லவுஞ்சையும் கூடுதல் எடையையும் விலைக்கு வாங்கிவிடலாம்.

போவதாக முடிவு செய்தால் சில எச்சரிக்கைகள். சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஒரு வழிக்குச் சுமார் 1,800 மைல். போக வர 3,600. பாதி வரவாகும் சீட்டில் சென்றால் 1,800-தான் ஏறும், இன்னும் 1,200 மைல் குறை நிற்கும். என் வாடிக்கையாளர் ஒருவர் இப்படித்தான், சீட்டின் கட்டண வகையைப் பாராமல் டிசம்பரில் பறந்து, சில நூறு மைல் குறைவால் தகுதியை இழந்தார். நானும் அன்று பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும். கணக்கு முடியும் நாளுக்குள் சீட்டு வாங்கினால் போதாது, பறந்திருக்கவேண்டும். மைல் கொடுத்து வாங்கும் இலவசச் சீட்டு பொதுவாகத் தகுதிக்குச் சேராது.

இன்னொரு வழியும் உண்டு. ஒரு நிறுவனத்தின் தகுதியைக் காட்டி, போட்டி நிறுவனத்தில் அதற்கு நிகரான தகுதியைக் கேட்பதை ஸ்டேட்டஸ் மேட்ச் என்கிறார்கள். சில நிறுவனங்கள் சில காலங்களில் மட்டும், பெரும்பாலும் ஒருவருக்கு ஒருமுறைதான் தருகின்றன. ஆகவே பயணம் அதிகமாக இருக்கும் ஆண்டுக்காக அதைக் காத்து வைப்பது அறிவுடைமை.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் வங்கி அட்டையே லவுஞ்சில் சாப்பாடு போடுகிறது. அப்புறம் தங்கம் எதற்கு?

பதில்: சாப்பாட்டுக்கு மட்டும் என்றால் எதற்கும் இல்லை. வங்கி அட்டை தரும் நுழைவுக்கு எண்ணிக்கை வரம்பும், பல வங்கிகளில் முந்தைய காலாண்டுச் செலவு நிபந்தனையும் உண்டு. நீண்ட செக்-இன் வரிசையையும் பெட்டி எடையையும் அந்த அட்டை குறைக்காது.

கேள்வி: ராணிப்பேட்டையைச் சேர்ந்த நான் வளைகுடாவில் செவிலியராக இருக்கிறேன். மூன்று பயணங்களின் மைல்கள் என் கணக்கில் ஏறவே இல்லை. கேட்டால் பெயர் பொருந்தவில்லை என்கிறார்கள்.

பதில்: தமிழருக்கே உரிய சிக்கல் இது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து தந்தையின் முழுப் பெயராகிக் குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, அல்லது அந்த இடம் வெறுமையாக விடப்படுகிறது. வெறுமையாக இருப்பவர்களின் சீட்டில் ஒரே பெயரை இருமுறை எழுதும் முகவர்களும் உண்டு. உறுப்பினர் கணக்கையோ நாம் பள்ளிச் சான்றிதழில் உள்ளபடி இனிஷியலோடு தொடங்கிவிடுகிறோம். கணினிக்கு இவை இரு வேறு ஆள்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததிலிருந்து, பலர் பெயரைத் திருத்தினார்கள். உறுப்பினர் கணக்கில் பழைய பெயரையே விட்டுவிட்டார்கள்.

பாஸ்போர்ட்டின் நகலை அனுப்பிக் கணக்கிலுள்ள பெயரை முதலில் திருத்தச் சொல்லுங்கள். பிறகு விடுபட்ட மூன்று பயணங்களுக்கும் போர்டிங் பாஸ், பயணச்சீட்டு எண் ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். இதற்குக் காலக்கெடு உண்டு. சில திட்டங்களில் ஆறு மாதம்தான். புதிய கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். ஒருவருக்கு ஒரே திட்டத்தில் இரு கணக்குகள் இருப்பது தெரியவந்தால் இரண்டையும் முடக்கும் உரிமை நிறுவனத்திற்கு இருக்கிறது. மைல்கள் கணக்கில் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை போர்டிங் பாஸைக் கிழிக்காமல் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.