பகிர்பவருக்கு என்ன லாபம்? பிராண்டுகளின் வைரல் பதிவுகள்: கேள்வி பதில்

பார்த்துப் பார்த்து டிசைன் செய்து போடும் பதிவை யாரும் சீண்டுவதில்லை. வேறொரு பிராண்ட் கிறுக்குத்தனமாக ஒரு வரி போட்டால் ஊரே ஷேர் செய்கிறது. இது என்ன நியாயம் சார்?

உங்கள் பதிவு பிராண்டுக்காகப் பேசுகிறது. ஷேர் செய்கிறவரோ தனக்காகத்தான் ஷேர் செய்கிறார். நண்பர்கள் குரூப்பில் ஒன்றைத் தட்டிவிடும்போது, "பாருங்க, என் கண்ணில் பட்டது" என்ற சின்னப் பெருமை அவருக்குக் கிடைக்க வேண்டும். தள்ளுபடி அறிவிப்பில் அந்தப் பெருமைக்கு இடமே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கேஎஃப்சி. 2017இல் அதன் ட்விட்டர் கணக்கு மொத்தமே 11 பேரைத்தான் பின்தொடர்ந்தது. ஐந்து பேர் ஸ்பைஸ் கேர்ல்ஸ் பாடகிகள். மீதி ஆறு பேரும் ஹெர்ப் என்று பெயர் வைத்த ஆண்கள். அந்தக் கடைக் கோழியின் ரகசிய மசாலாவுக்குப் பல காலமாகச் சொல்லிவரும் விளம்பரமே "11 ஹெர்ப்ஸ் அண்ட் ஸ்பைசஸ்", அதாவது 11 மூலிகைகளும் மசாலாக்களும் என்பதுதான்! நிறுவனம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபரில் யாரோ ஒருவர் கவனித்து எழுதினார், அது லட்சக்கணக்கில் பரவியது. அப்புறம் கேஎஃப்சி அவருக்கு ஓர் ஓவியம் வரைந்து அனுப்பியது. கையில் கோழிக்காலோடு அவர் கேஎஃப்சி நிறுவனர் கர்னல் சாண்டர்ஸின் முதுகில் உப்புமூட்டை ஏறியிருப்பது போன்ற படம். கண்டுபிடித்த பெருமையை அவரிடமே விட்டுவிட்டார்கள் பாருங்கள், அங்கேதான் அவர்கள் ஜெயித்தார்கள். அவர்களே முந்திக்கொண்டு "எங்கள் லிஸ்ட்டைப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தால் அது இன்னொரு விளம்பரமாகப் போயிருக்கும்.

சிரிப்பு மட்டும்தான் பரவுமா? மனதைத் தொடும் கதைகள் எடுபடாதா?

எடுபடும், ஆனால் எந்த உணர்ச்சி என்பது முக்கியம். ஜோனா பெர்கர், கேத்தரின் மில்க்மேன் என்ற இரு பேராசிரியர்கள் நியூயார்க் டைம்ஸ் இதழின் சுமார் 7,000 கட்டுரைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் பார்த்தது. வியப்பு, கோபம், பதற்றம் ஆகியவற்றைக் கிளப்பியவை அதிகம் பகிரப்பட்டன. சோகம் தந்தவை குறைவாகவே பகிரப்பட்டன. சும்மா உட்கார விடாத உணர்ச்சிதான் கையை ஷேர் பட்டனுக்குக் கொண்டுபோகிறது. கிறுக்குப் பதிவில் வியப்பும் சிரிப்பும் ஒன்றாக வருவதால் அதற்கு வேகம் கூடுதல்.

கோபமும் பரவும்தான். அதை நம்பி எந்த பிராண்டும் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நாங்கள் மூன்று பேர் நடத்தும் சின்ன கம்பெனி. செலவுக்குப் பணம் கிடையாது. எங்கே தொடங்குவது?

உங்கள் பொருளிலேயே தொடங்குங்கள். பிளெண்ட்டெக் என்ற மிக்ஸி நிறுவனத்தின் உரிமையாளர் டாம் டிக்சன், மிக்ஸி தாங்குமா என்று பார்க்க மரக்கட்டையைப் போட்டு அரைத்துப் பார்ப்பது வழக்கம். தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்த மார்க்கெட்டிங் ஊழியருக்கு அதுவே வீடியோவாகத் தோன்றியது. 2006இல் முதல் வீடியோக்களுக்கு ஆன செலவு சுமார் 50 டாலர்தான். வெள்ளை கோட்டும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு டிக்சன் கோலிக்குண்டுகளை அரைத்தார். அடுத்த ஆண்டு புத்தம் புது ஐபோனையே பொடியாக்கினார். எவ்வளவு கூத்தடித்தாலும் பார்க்கிறவர் மனதில் கடைசியில் நிற்பது ஒன்றுதான்: இந்த மிக்ஸி எதையும் அரைக்கும். உங்கள் பட்டறையில் தினமும் நடக்கிற, உங்களுக்குப் பழகிப்போன, வெளியாள் பார்த்தால் வாயைப் பிளக்கிற விஷயம் எது? அதைத் தேடுங்கள். இந்த வாரம் எல்லோரும் போடும் மீமில் லோகோவை ஒட்டுவது வேண்டாம். சிரித்தவர்களுக்கு மீம் நினைவிருக்கும், உங்கள் பெயர் இருக்காது.

சட்டென்று போட்டால்தான் பலன் என்கிறார்கள். எங்கள் பதிவு மேலிட ஒப்புதலுக்கே இரண்டு நாள் காத்திருக்கிறது.

2013இல் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் நடுவே மைதானத்தில் மின்சாரம் போய் 34 நிமிடம் ஆட்டம் நின்றது. "இருட்டிலும் தோய்த்துச் சாப்பிடலாம்" என்று ஓரியோ பிஸ்கட் நிறுவனம் அந்த இடைவெளிக்குள் போட்ட ட்வீட்டை இன்றும் பேசுகிறார்கள். ஒப்புதல் தர வேண்டியவர்கள் எழுதுகிறவர்களோடு அன்று ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏற்பாடு இல்லையென்றால் நடப்புச் செய்தியைத் தொடாதீர்கள். இரண்டு நாள் கழித்து வரும் ஜோக்கைவிட மௌனம் மேல்.

எல்லை மீறிவிட்டோமா என்று போடும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் வரியை மட்டும் தனியாக எடுத்து, உங்களைப் பிடிக்காத ஒருவர் கண்ணால் படியுங்கள். 2021 மார்ச் 8, மகளிர் தினத்தன்று பர்கர் கிங்கின் பிரிட்டன் கணக்கு, பெண்களின் இடம் சமையலறைதான் என்று ஒரு ட்வீட் போட்டது. அடுத்தடுத்த ட்வீட்களில்தான் விஷயமே இருந்தது: சமையல் கலைஞர்களில் பெண்கள் குறைவு, அதற்காக உதவித்தொகை தருகிறோம் என்று. நல்ல திட்டம்தான். ஆனால் ஜனங்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்தது முதல் வரியை. கடைசியில் மன்னிப்புக் கேட்டு, ட்வீட்டை நீக்க வேண்டியதாயிற்று. திருப்பத்தை இரண்டாம் வரியில் வைக்கிற ஜோக்குக்குச் சமூக ஊடகம் சரியான இடமில்லை. அங்கே இரண்டாம் வரி கூடவே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இன்னொன்று, ஜோக் யார் மேல் விழுகிறது? உங்கள் மேலேயே விழுந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம்.

வைரலானால் விற்பனை கூடுமா?

தானாகக் கூடாது. 2019 ஜனவரியில் ஒரு சாதாரண முட்டைப் படம் இன்ஸ்டாகிராமில் அதிக லைக் வாங்கிய படமாகி, 1.8 கோடி லைக் என்ற பழைய சாதனையைத் தாண்டியது. அதில் விற்க எதுவுமே இல்லை! சேர்ந்து ஒரு சாதனையை உடைக்கலாம் என்ற அழைப்பே போதுமாக இருந்தது. ஆகவே லைக் எண்ணிக்கையை விற்பனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உங்கள் பெயரைத் தேடி வருகிறவர்கள் அந்த வாரம் கூடினார்களா, அடுத்த மாதமும் வருகிறார்களா என்று பாருங்கள்.

நான் இன்சூரன்ஸ் கம்பெனியில் சமூக ஊடகம் பார்க்கிறேன். எங்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?

பொதுவான பதிவுகளில் தாராளமாக விளையாடலாம். ஆனால் கிளெய்ம் கிடைக்கவில்லை என்று கமெண்ட்டில் எழுதுகிறவருக்குப் பதில் எழுதும்போது, அவர் பெயரைச் சொல்லி, எப்போதைக்குள் யார் கூப்பிடுவார்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அங்கே ஓர் எமோஜிகூட வேண்டாம்.