வெள்ளிக்கிழமை மூன்று மணி
வாசகர் கேள்வி - பதில்

டோர்ட்முண்ட் வாசகி ஒருவர்: அண்ணா, என் மகளுக்கு ஜேர்மனியின் கிழக்கிலுள்ள லைப்சிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. "கிழக்குக்கா அனுப்பப் போகிறீர்கள்?" என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருந்த நாடு ஒன்றாகி 35 வருடமாகிவிட்டது. நாங்களும் சம்பளத்தில் 'சோலி' என்ற ஒருமைப்பாட்டு வரி கட்டித்தானே அவர்களைத் தூக்கிவிட்டோம்? இன்னமும் தங்களை இரண்டாந்தரமாக நடத்துவதாகக் குறை சொல்கிறார்களே, இது நியாயமா?

தங்கச்சி, சோலியை முதலில் பார்ப்போம். 1991இல் வந்த அந்த வரியைக் கிழக்கில் வேலை செய்தவர்களும் உங்களைப் போலவேதான் கட்டினார்கள். மேற்கிலிருந்தவர்கள் மட்டும் கட்டியதாக எங்கள் ஆட்கள் கோயில் மண்டபத்திலும் பேசிக்கொள்கிறார்கள். அது பிழை.

நான் 1985இல் வந்தவன். கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறி, மேற்கு பெர்லினுக்குள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தேன். அந்த வழியாக வந்த எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர். ஆனால் கிழக்கின் வாசலைத் தாண்டினேனே தவிர, அங்கிருந்த மனிதர்களைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

மேற்கு பெர்லினில் ஒரு இரும்புப் பட்டறையில் லேத் மெஷினில் நின்றேன். நாடு ஒன்றான பிறகு அந்தப் பட்டறையை நகரத்தின் கிழக்குப் பக்கத்துக்கு மாற்றினார்கள். என் மெஷினும் லொறியில் ஏறி வந்தது. கூட வந்த எங்களுக்குப் பழைய ஒப்பந்தம் தொடர்ந்தது, வாரம் 35 மணி நேரம். அங்கேயே சேர்ந்த கிழக்கத்தியருக்கு 38. உலோகத் தொழிற்சங்க ஒப்பந்தம் அப்படி. மேற்கில் 1995இலிருந்து 35, கிழக்கில் 38. அதை மாற்றத்தான் 2003இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றுப்போனார்கள். அண்மைக் காலத்தில்தான் சில தொழிற்சாலைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வருகின்றன.

வெள்ளிக்கிழமை 12 மணிக்கு நாங்கள் கை கழுவுவோம். அவர்கள் 3 மணிவரை நிற்பார்கள். மேலே கிரேன் ஓட்டியவர் கிழக்கில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மா, பெர்லின் சுவர் விழுவதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். நாங்கள் உடுப்பு மாற்றிக்கொண்டு கதவைத் தாண்டும்போது அவர் கிரேன் கூண்டுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு தரமும் வாய் திறந்து ஒன்றும் சொன்னதில்லை. அகதியாக வந்த நான் வீட்டுக்குப் போகிறேன், அந்த மண்ணில் பிறந்தவர் வேலை செய்கிறார். வாரத்துக்கு 3 மணி நேரம் என்றால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மாத வேலை. மாதச் சம்பளம் ஒன்றுதான்.

அவருடைய மகள் வேலை தேடித் தெற்கே, ஸ்டுட்கார்ட் பக்கம் போனாள். பேச்சில் கிழக்கு வாடை தெரியக்கூடாது என்று கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினாளாம். அதை அவர் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கொழும்பு பஸ்ஸில் தமிழ் வாயில் வந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து போனவன் நான்.

அந்தப் பிள்ளையின் பயம் வீண் பயமில்லை. ஸ்டுட்கார்ட் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு 2010இல் ஒரு வழக்கு வந்தது. வேலைக்கு விண்ணப்பித்த ஒரு கணக்காளருக்கு விண்ணப்பம் திரும்பி வந்தது, 'ஒஸி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கழித்தல் குறியோடு. கிழக்கத்தியரை இளக்காரமாகச் சொல்லும் சொல் அது. நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? கிழக்கு ஜேர்மனியர் ஒரு தனி இனக்குழு அல்ல, ஆகவே பாகுபாட்டுத் தடைச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அந்தக் கழித்தல் குறியைப் பார்த்த பெண்ணுக்கு அது என்ன ஆறுதல்?

அப்புறம், காசு. கிழக்கின் தொழிற்சாலைகள் பழையவை, உற்பத்தி குறைவு, நான் மறுக்கவில்லை. ஆனால் 1990 ஜூலை 1ஆம் தேதி அவர்களுடைய சம்பளம் ஒன்றுக்கு ஒன்று என்று மேற்கின் நாணயமான மார்க்குக்கு மாறியது. ஒரே இரவில் அவர்களுடைய சாமான், வழக்கமாக வாங்கிய கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்குக் கட்டுப்படியாகாமல் போனது. சுமார் 8,500 நிறுவனங்களும் 40 லட்சம் தொழிலாளரும் 'ட்ரொய்ஹான்ட்' என்ற ஒரே அரச அமைப்பின் கையில் இருந்தார்கள். 1994 முடிவதற்குள் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் விற்றது அல்லது மூடியது. விற்றதில் கிழக்கத்தியர் கைக்கு வந்தது 5 சதவீதமளவுதான். தொழிற்சாலை வாங்குமளவுக்குக் காசு சேர்க்க வழியில்லாத நாட்டில் வாழ்ந்தவர்கள் எதைக் கொண்டு வாங்குவார்கள்? அதனால்தான் இன்றைக்கும் லைப்சிக்கில் வாடகை கட்டும் பலருடைய வீட்டுக்காரர் மேற்கில் இருக்கிறார். சொத்து இல்லாத பெற்றோர் பிள்ளைக்கு எதை விட்டுப் போவது?

கிழக்கு மாநிலமான துரிங்கியாவில் பிஷொஃபெரோட என்ற சிற்றூரின் பொட்டாஷ் (உர உப்பு) சுரங்கத்தை மறக்க முடியாது. அதை வாங்க ஒரு முதலாளி முன்வந்தும் கொடுக்கவில்லை; மேற்கத்திய நிறுவனத்தோடு செய்த இணைப்பு ஒப்பந்தத்தில் மூடுவதென்று முடிவாகியிருந்தது. 1993 கோடையில் சுரங்கத் தொழிலாளர் உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த வருட முடிவில் சுரங்கம் மூடப்பட்டது. தங்கள் ஊரின் முடிவை வேறு யாரோ எடுத்தார்கள் என்ற அந்தக் கசப்புத்தான் இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் சொல்கிறேன் என்பதற்காக, வெளிநாட்டவர் மேல் காட்டும் வெறுப்புக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 1992 ஓகஸ்டில் கிழக்கின் ரொஸ்டொக் நகரில் வியட்நாமியர் குடியிருந்த மாடிவீட்டுக்குத் தீ வைத்தபோது, நின்று கைதட்டியவர்களும் இருந்தார்கள். 2025 பெப்ரவரித் தேர்தலில் கிழக்கின் 5 மாநிலங்களிலும் வெளிநாட்டவர் வருகையை எதிர்க்கும் வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி முதலிடம் பிடித்தது. தனக்குக் கிடைத்த அவமானத்தை இன்னொருவர் தலையில் இறக்குவதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் அதே கிழக்கில்தான் அந்த கிரேன் அம்மா என் விசா கடிதங்களை இடைவேளையில் உட்கார்ந்து எனக்கு வாசித்து விளக்கினார்.

மகளை அனுப்புங்கள். லைப்சிக் பல்கலைக்கழக ஊர், இளையவர்கள் நிறையப் பேர். இரவில் சிறிய ஊர்களுக்குத் தனியாகப் போகும்போது கவனமாக இருக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் ஒப்பந்தத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபிராங்ஃபேர்ட் வாசகர் ஒருவர்: கிழக்கில் வளர்ந்த மேர்க்கல் 16 வருடம் நாட்டை ஆண்டாரே. அப்புறமும் என்ன பாகுபாடு?

தம்பி, ஒருவர் உச்சிக்குப் போனார், உண்மை. அரசியலமைப்பு நீதிமன்றத்தில் கிழக்கில் பிறந்த முதல் நீதிபதி அமர்ந்தது எப்போது தெரியுமா? 2020இல். அதுவரை 30 வருடம் ஒருவர்கூட இல்லை.

மேர்க்கலின் கதைக்கே வருவோம். 2021 ஒக்டோபர் 3ஆம் தேதி, ஒருமைப்பாட்டு நாளில், ஹாலே நகரில் பேசினார். தன்னைப் பற்றிய ஒரு கட்டுரையில் தன்னுடைய கிழக்கு வாழ்க்கையைச் 'சுமை' என்று எழுதியிருந்ததை அந்த மேடையில் எடுத்துச் சொன்னார். பதவியின் கடைசி நாட்களில்தான் அதைச் சொன்னார். சுவர் விழுந்தபோது அவருக்கு வயது 35.