காய்ச்சலை மறைக்காதீர்கள், ஆய்வைப் பற்றி அப்புறம் பேசலாம்

புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கும் மனைவியைப் புது மருந்து ஆய்வில் சேர்த்து 'சோதனை எலி' ஆக்கிவிடுவார்களோ என்று கேட்டு எழுதிய கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவது கீமோ முடிந்த பத்தாம் நாள் உங்கள் மனைவிக்கு 101 டிகிரி காய்ச்சல் அடித்ததாம், சொன்னால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்தீர்களாம், இரண்டு நாளில் சரியாகிவிட்டதாம். தப்பித்தீர்கள், அவ்வளவுதான்.

கீமோவுக்குப் பிறகு ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை, மருந்தைப் பொறுத்து முன்னே பின்னே, வெள்ளை அணுக்கள் தரைதட்டிக் கிடக்கும். அதிலும் கிருமியோடு முதலில் மோதுகிற நியூட்ரோபில் 500-க்குக் கீழே போய்விட்டால் சீழ் பிடிக்காது, வீக்கம் தெரியாது, நெஞ்சில் சளிகூடக் கட்டாமல் இருக்கலாம். பல நேரம் உடம்பு காட்டுகிற ஒரே அடையாளம் காய்ச்சல்தான். அதையும் மாத்திரை போட்டு அமுக்கிவிட்டால், கிருமி ரத்தத்தில் பரவுவது யாருக்கும் தெரியாமலே சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடும். 100.4 டிகிரி, அதாவது 38 செல்சியஸைத் தொட்டாலே நடுராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், உள்ளே நுழையும்போதே "கீமோ நடக்கிறது" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக ஏற வேண்டும். போன தடவை மிச்சமான மாத்திரை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்கிற யோசனை, இரண்டும் வேண்டாம். குளிர் நடுக்கம் வந்தால் தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்புங்கள். ஒரு கீமோ ஒரு வாரம் தள்ளிப்போனால் சமாளிக்கலாம், வெள்ளை அணுவைக் கூட்டவும் ஊசி இருக்கிறது. வந்துபோன காய்ச்சலையும் அடுத்த கீமோவுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, 'சோதனை எலி' விஷயம். மூன்றாம் கட்ட ஆய்வில், அதாவது புது மருந்தை வழக்கமான சிகிச்சையோடு நிறையப் பேரிடம் ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள், வெற்று மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்களோ என்பதுதானே உங்கள் பயம்? பலன் தெரிந்த சிகிச்சை கையில் இருக்கும்போது அதை நிறுத்திவிட்டு வெற்று மாத்திரை மட்டும் கொடுக்க, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு விடாது. ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு அதோடு புது மருந்தோ அதற்குப் பதிலாகப் புது மருந்தோ; வெற்று மாத்திரை இருந்தாலும் வழக்கமான சிகிச்சையோடு சேர்த்துத்தான். ஒப்புதல் படிவத்தில் எந்தக் குழுவுக்கு என்ன என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். கையெழுத்துப் போட்ட பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

"குலுக்கல் எதற்கு, புதியதையே எல்லோருக்கும் கொடுக்கக் கூடாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுப் போடுவதுபோல முடிவு செய்வதுதான் குலுக்கல். அது இல்லாமலே கொடுத்துப் பார்த்தார்கள். 1990-களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக டோஸ் கீமோவும், அதோடு ரத்தத்தை உருவாக்கும் ஸ்டெம்செல்களை உடம்பில் ஏற்றும் சிகிச்சையும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு நடந்தது, ஆய்வு முடியும்வரை காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1999-இல் குலுக்கல் ஆய்வுகளின் முடிவுகள் வந்தபோது ஆயுள் கூடியதாகத் தெரியவில்லை. அன்று சாதகமாக வந்த தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று அடுத்த வருடமே அம்பலமானது. அத்தனை பேர் பட்ட பாடும் வீண்.

காய்ச்சலை மறைத்தவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் நோய் பரவிய நிலையில் கீமோ எடுத்த 766 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரைத் தங்கள் தொந்தரவுகளை ஒழுங்காகக் கணினியில் பதியச் சொன்னார்கள், மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். 2017-இல் வந்த முடிவில் பதிந்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம், 31.2 மாதம், மற்றவர்களுக்கு 26. புது மருந்து எதுவும் கிடையாது, சொன்னார்கள், அவ்வளவுதான்.

மற்றபடி நீங்கள் எழுதியிருக்கிற நகம் கறுப்பது, நாக்கில் உலோகச் சுவை, முடி கொட்டுவது எல்லாம் பெரும்பாலும் கீமோ முடிந்ததும் சரியாகிவிடும். இணையத்தில் பார்த்து வாங்கின அந்த 'எதிர்ப்புசக்தி' கேப்ஸ்யூலை மட்டும் இன்றே நிறுத்திவிட்டு, டப்பாவை அப்படியே ஆய்வு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.