உகாண்டா மிஷன் ஆஸ்பத்திரிக்குப் புறப்படும் முன்: மருத்துவர் குழுவின் பதில்கள்

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். உகாண்டாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி மூன்று மாதம் ஊழியம் செய்ய அழைக்கிறது. சம்பளம் இல்லை. “டூரிஸ்ட் விசாவில் வந்துவிடுங்கள், மற்றதை இங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார்கள். போகலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: அந்த விசாவில் போகாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் வைத்தியம் வைத்தியம்தான். உகாண்டா மெடிக்கல் அண்ட் டென்டல் பிராக்டிஷனர்ஸ் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு கைக்கு வந்த பிறகுதான் நோயாளியைத் தொட வேண்டும். பதிவு இல்லாமல் செய்த சிசேரியனில் தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால், நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். ஊருக்கும் போலீசுக்கும் பதில் சொல்லப்போவது அந்தச் சின்ன ஆஸ்பத்திரி.

பட்டச் சான்று, தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சில் பதிவு, உங்கள் மேல் புகாரோ தடையோ இல்லை என்று கவுன்சில் தரும் ‘குட் ஸ்டாண்டிங்’ சான்று மூன்றையும் முதலில் தயார் செய்யுங்கள். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். பட்டத்தில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கி, எல்லா விண்ணப்பத்தோடும் இணையுங்கள். நீங்கள் அரசு ஊழியர் என்பதால் துறையின் தடையின்மைச் சான்றும் விடுப்பு ஆணையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையை நம்பி டிக்கெட் போட வேண்டாம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒரே ஊசி, ஆயுளுக்கும் செல்லும். ஆனால் போட்ட 10-வது நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைத் திரும்பும்போதும் கையிலேயே வைத்திருங்கள். அது இல்லாமல் உகாண்டாவிலிருந்து வந்து இறங்கினால், இந்திய விமான நிலையத்திலேயே 6 நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள்.

ஹெபடைடிஸ் பி ஊசி 0, 1, 6 மாதக் கணக்கு. போட்டிராவிட்டால் ஏற்பாடுகளை அரை வருஷம் முன்பே தொடங்க வேண்டும்.

கேள்வி: எங்கள் பக்கம் பாம்புக்கடி நிறையப் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்குப் போகும்போது இங்கிருந்து ஏ.எஸ்.வி. (பாம்பு நஞ்சு முறிமருந்து) குப்பிகள் 20 எடுத்துப்போனால் உதவுமா?
— மருத்துவர், அரூர்

பதில்: உதவாது. உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். நம் ஏ.எஸ்.வி. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரானது. அந்த நஞ்சில் பெரும்பகுதி நம் வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக்கொடுப்பது. உகாண்டாவில் கடிப்பவை பஃப் ஆடர், மாம்பா, துப்பும் நாகம். நம் மருந்து அவற்றின் நஞ்சைக் கட்டுப்படுத்தாது. “மருந்து போட்டாச்சு” என்ற நிம்மதியில் நேரம் மட்டும் போய்விடும். ஆப்பிரிக்கப் பாம்புகளுக்கென்றே தயாராகும் முறிமருந்து அங்கே இருப்பில் உள்ளதா என்று புறப்படும் முன்பே கேளுங்கள்.

இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். நஞ்சு நரம்பைத் தாக்கி இமை சரிந்தால் நாம் நியோஸ்டிக்மின், அட்ரோபின் என்ற ஊசி மருந்துகளைக் கொடுக்கிறோம். மாம்பா கடிக்கு அது கூடாது. நியோஸ்டிக்மின் எந்த நொதியைத் தடுக்கிறதோ, மாம்பா நஞ்சும் அதையேதான் தடுக்கிறது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போலாகும். அங்கே காப்பாற்றுவது மூச்சுக்குழாயில் போடும் டியூபும், ஆள் மாற்றி ஆள் விடிய விடிய அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையும்தான்.

எடுத்துப்போக வேண்டிய ஒன்று, 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் விட்டு, ஆட்டாமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை சாய்த்துப் பாருங்கள். தண்ணீராக ஓடினால் நஞ்சால் ரத்தம் உறையும் தன்மை கெட்டிருக்கிறது. கண்ணாடிச் சுவர் பட்டால்தான் உறைதல் தூண்டப்படும். அதனால் பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் நல்ல ரத்தம்கூட உறையாமல் நின்று ஏமாற்றும். அங்கே பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி வாங்கிப் போங்கள். இந்தப் பெட்டி 20 குப்பி ஏ.எஸ்.வி.யைவிடப் பயன்படும்.

கேள்வி: நண்பர்கள் சாம்பிள் மாத்திரைகள் இரண்டு அட்டைப்பெட்டி நிறையச் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். கொண்டுபோகலாமா?
— வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். தானமாகப் போகும் மருந்து அங்கே சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஒரு வருஷமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நெறி. அரை அட்டை, கால் அட்டையாக வரும் சாம்பிளைப் பிரித்து அடுக்கவே ஒரு நர்ஸின் நாள் போய்விடும். நண்பர்களிடம் பணமாக வாங்கி, அந்த ஆஸ்பத்திரி கேட்கும் மருந்தை அந்த நாட்டிலேயே வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: தருமபுரியில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறேன். முடித்ததும் மிஷன் மருத்துவராகப் போக ஆசை.
— வாசகர், தருமபுரி

பதில்: ஆசையை விடாதீர்கள், ஆனால் உடனே போக வேண்டாம். அங்கே ராத்திரி 2 மணிக்குக் கேட்டுக்கொள்ள மேலே ஆள் இருக்காது. சிசேரியன், ஸ்பைனல் (முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது), கீட்டமின் மயக்கம், பச்சிளங்குழந்தைக்கு மூச்சு கொடுப்பது எல்லாம் தனியாகச் செய்யும் அளவுக்குக் கை பழக வேண்டும். உங்கள் மாவட்டத்திலேயே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993 முதல் பழங்குடி மக்களுக்கான ஆஸ்பத்திரி நடக்கிறது. அதுபோன்ற இடத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுப் புறப்படுங்கள்.

கேள்வி: என் மகள் உகாண்டாவுக்கு மிஷன் மருத்துவராகப் போகப்போகிறாள். மலேரியா, எச்.ஐ.வி. என்று மனசு பதறுகிறது.
— ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: உங்கள் பதற்றம் நியாயம்தான் அம்மா. இரண்டுக்கும் வழி இருக்கிறது. மலேரியாவைத் தடுக்க டாக்ஸிசைக்ளின் மாத்திரை 100 மி.கி. தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் தண்ணீரோடு. புறப்படுவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்தும் 4 வாரம். இது பொருந்தாதவர்களுக்கு வேறு மாத்திரை உண்டு. மருத்துவரைக் கேட்டே தொடங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. ஈரலில் பதுங்கிய கிருமி ரத்தத்துக்கு வரும்போது அடிக்கத்தான் அந்த 4 வாரம்.

நோயாளிக்குப் போட்ட ஊசி கையில் குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையின் முதல் வேளை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. பிறகு 28 நாள் தொடர வேண்டும். அந்த மாத்திரை ராத்திரியிலும் எடுக்கும்படி எங்கே இருக்கிறது, பீரோ சாவி யாரிடம் என்று முதல் நாளே கேட்டுவைக்கச் சொல்லுங்கள்.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் “உகாண்டாவிலிருந்து வந்தேன்” என்பதையே முதலில் சொல்லட்டும். அன்றைக்கே மலேரியாவுக்கான ரத்தத்தடவல் சோதனை பார்க்க வேண்டும். முதல் தடவை ஒன்றும் தெரியாவிட்டாலும், மறுநாளும் அதற்கு மறுநாளும் எடுத்துப் பார்க்க வேண்டும்.