குட்டைக் குழல் ரிவால்வருக்கு எந்தப் பவுடர்?

தம்பி, கிரீன் கார்டில் டல்லாஸ் வந்து ஒரு வருடம் ஆகிறது, இரண்டு அங்குலக் குழல் உள்ள .357 மேக்னம் ரிவால்வர் வாங்கியிருக்கிறேன், உட்புற ரேஞ்சில் சுட்டால் வெடிச் சத்தமும் நெருப்பும் பக்கத்து லேனில் நிற்பவரையே திடுக்கிட வைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தோட்டாவை வீட்டில் நிரப்பக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள், எந்தப் பவுடர் போட்டால் இது அடங்கும் என்பது கேள்வி. வேலையிடத்து நண்பர் எச்110 என்ற பவுடரைப் போட்டு நிரப்பிய தோட்டாக்களைக் கொடுத்தார் என்றும் சொல்கிறீர்கள்.

முதலில் அந்தத் தோட்டாக்களை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நண்பர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அடுத்தவர் வீட்டில் நிரப்பியதை நம் துப்பாக்கியில் போடக் கூடாது. உள்ளே எந்தப் பவுடர், எத்தனை கிரெய்ன் (பவுடரையும் குண்டையும் எடைபோடும் சிறு அலகு) என்பது நிரப்பியவருக்கு மட்டும்தான் தெரியும்.

அடுத்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எரியாத பவுடர் வெளியே போய் எரிகிறது என்று ரேஞ்சில் பலரும் சொல்வார்கள். அது சிறு பங்குதான். பவுடர் எரிந்து உண்டாகும் வாயுவில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் நிறைய இருக்கும். குண்டு வெளியேறிய நொடியில் இந்தச் சூடான வாயு வெளிக்காற்றின் ஆக்சிஜனோடு கலந்து மறுபடி பற்றிக்கொள்கிறது. நீங்கள் பார்க்கும் பெரிய தீப்பந்து அதுதான். சத்தத்துக்கு முக்கியக் காரணம், குண்டு குழலின் வாய்முனையைத் தாண்டும்போது குழலுக்குள் மிச்சமிருக்கும் அழுத்தம். குக்கரில் பிரஷர் அடங்குமுன் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதே கதை.

எச்110 மெதுவாக எரியும் பவுடர், நீளக் குழலுக்கும் முழு மேக்னம் வேகத்துக்கும் ஏற்றது. அளவும் அதிகம்: ஒரே எடையுள்ள குண்டுக்கு, வேகமாக எரியும் எச்பி-38 பவுடரைப் போடுவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போட வேண்டும். அத்தனை வாயுவும் இரண்டு அங்குலத்தில் விரிந்து அடங்க வழியில்லை, அப்படியே வெளியே பாய்கிறது. குட்டைக் குழலிலும் எச்110 வேகம் கொஞ்சம் கூடுதலாகத் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கொஞ்சத்துக்காக இவ்வளவு சத்தத்தையும் நெருப்பையும் வாங்கிக்கொள்வது வீண் என்பது என் திடமான கருத்து.

சரி, எச்110 அளவையே குறைத்துப் போட்டால் என்ன என்று தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள். நல்ல அழுத்தம் இருந்தால்தான் அது சீராக எரியும். குறைத்தால் எரிதல் தடுமாறி, குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளலாம். அது தெரியாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். தயாரிப்பாளரே இந்தப் பவுடரைக் குறைக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார். வின்செஸ்டர் 296-ம் இதே பவுடர்தான், டப்பா மட்டும் வேறு.

உங்களுக்குப் பொருந்துவது வேகமாக எரியும் வகை: எச்பி-38 (வின்செஸ்டர் 231 என்பதும் இதுவே), புல்ஸ்ஐ, டைட்குரூப். இவற்றில் அழுத்தம் சீக்கிரம் உச்சம் தொட்டு, குண்டு வாய்முனைக்கு வருமுன் நன்றாக இறங்கிவிடும். கூட 158 கிரெய்ன் ஈயக் குண்டை வைத்து மிதமான வேகத்தில் நிறுத்தினால், ஒலியின் வேகத்தைத் தாண்டாததால் குண்டு காற்றைக் கிழிக்கும் அந்த 'பட்' சத்தமும் இருக்காது. 125 கிரெய்ன் குண்டு வைத்த முழு மேக்னம் இதற்கு நேர் எதிர், காதைப் பிளக்கும். நெருப்புதான் பெரிய தொல்லை என்றால் அலையன்ட் கம்பெனியின் பிஇ-86-ஐப் பாருங்கள், வாய்முனைத் தீப்பிழம்பைத் தணிக்கும் சேர்மானம் அதில் உண்டு. யூனிக் என்பது நடுத்தர வேகத்தில் எரியும், பழைய நம்பகமான பவுடர்.

வேகமான பவுடரில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. .357 தோட்டாவின் கூட்டின் (பவுடர் போடும் உலோக உறையின்) அடியில் டைட்குரூப் மெல்லிய படலமாகத்தான் கிடக்கும். தவறி இரண்டாம் முறை விழுந்தாலும் கூடு நிரம்பாது, மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. அதனால் எல்லாக் கூடுகளையும் மரக்கட்டைத் தட்டில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மட்டம் தெரிய வேண்டும். அப்போது போன், டிவி எதுவும் வேண்டாம். மேசையில் ஒரே ஒரு பவுடர் டப்பாதான் இருக்க வேண்டும். எத்தனை கிரெய்ன் என்பதை நான் சொல்ல மாட்டேன். பவுடர் கம்பெனியின் தரவில் உங்கள் குண்டுக்கு உள்ள ஆரம்ப அளவில் தொடங்குங்கள்.

ரீலோடிங் பழகும்வரை இன்னும் எளிய வழி: அந்த ரிவால்வரிலேயே கடையில் விற்கும் .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம். .357-இன் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), .38 ஸ்பெஷலுக்கு 17,000 தான். வித்தியாசம் முதல் தோட்டாவிலேயே தெரியும். சிலிண்டரில் தோட்டா உட்காரும் அறைக்குள் கரி வளையம் படியும், அதைத் தேய்த்து எடுத்துவிட்டு .357 போடுங்கள்.

எந்தப் பவுடராலும் தீராதது ஒன்று: சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் வாயு பீறிடும். அங்கே விரல் போகக் கூடாது. சத்தம் குறைந்தாலும் 140 டெசிபலுக்கு மேல்தான் இருக்கும், அது காதைக் கெடுக்கும் அளவு. உட்புற ரேஞ்சில் காதுக்குள் நுரை அடைப்பானும் அதன் மேல் காதை மூடும் மஃப்பும் இரண்டும் போடுங்கள். இங்கே பல வருடம் சுட்டவர்களில் எத்தனையோ பேர் காதில் நிற்காத இரைச்சலோடு தூங்கப் போகிறார்கள். உங்களுக்கு அது வர வேண்டாம்.

அப்புறம், நம் ஆட்களுக்கென்றே சில விஷயங்கள். எச்1பி, எஃப்1 விசாவில் இருக்கும் நண்பர்கள் கையில் துப்பாக்கியை மட்டுமல்ல, தோட்டாவைக்கூடக் கொடுக்காதீர்கள். வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் தவிர, ஃபெடரல் சட்டப்படி அவர்கள் வைத்திருப்பதே குற்றம், ரேஞ்சிலும் அப்படித்தான். உங்களுக்காக நிரப்ப லைசென்ஸ் தேவையில்லை, விற்கும் தொழிலாகச் செய்தால் தேவை. அபார்ட்மென்ட் என்பதால் லீஸில் பவுடர் வைக்க அனுமதி உண்டா என்று படித்துப் பாருங்கள், வைத்தால் அது வந்த டப்பாவிலேயே இருக்கட்டும்.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். பக்கப் பையில் மறந்துபோன ஒரு தோட்டாவோ, வெறும் கூடோ ஸ்கேனரில் தெரிந்தால் போதும், நம்மூர் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு பாயும். அமெரிக்க வெளியுறவுத் துறையே இந்தியா போகிறவர்களுக்கு இதைச் சொல்லி எச்சரித்திருக்கிறது.