ஷேவிங் பிளேடு மாதிரி தீட்டலாமா?

கேள்வி: புல் வெட்டுற மெஷினோட பிளேடை கழட்டி கிரைண்டர்ல வெச்சு சும்மா தகதகன்னு தீட்டி மாட்டினேன் சார். ரெண்டே தடவைல மழுங்கிடுச்சு, போதாக்குறைக்கு மெஷின் வேற கடகடன்னு ஆடுது, கைப்பிடிய பிடிச்சா கை மரத்துப்போகுது. எங்க தப்பு பண்ணேன்?

பதில்: ரெண்டு எடத்துல. இந்த பிளேடுக்கு அவ்ளோ கூர் ஆகாதுங்க, விளிம்பு மெலிசானா மொத கல்லு பட்டதுமே மடங்கிடும். விரல வெச்சா லேசா உறுத்தணும், ஆனா அறுக்கக்கூடாது, அது போதும். அடுத்தது கிரைண்டர். ஒரே எடத்துல அழுத்திப் பிடிச்சிருந்தா விளிம்பு நீலமா மாறியிருக்கும், போய் பாருங்க. நீலம் ஏறினா இரும்போட பதம் போச்சுன்னு அர்த்தம், எத்தன தடவ தீட்டினாலும் அந்த எடத்துல கூர் நிக்காது. நானும் இப்படி ஒரு பிளேடை பாழாக்கினவன்தான், அதுக்கப்புறம் அரம்தான். பிளேடை வைஸ்ல (பொருள அசையாம பிடிக்கிற இரும்பு இடுக்கி) இறுக்கிட்டு, கம்பெனி குடுத்த சாய்வு (பெரும்பாலும் 30லேர்ந்து 45 டிகிரி) எப்படி இருக்கோ அதே சாய்வுல, மேல் பக்கம் மட்டும், ஒரே திசைல தள்ளித் தள்ளி தேய்க்கணும். முன்னயும் பின்னயும் இழுக்காதீங்க, அரம்தான் தேயும்.

ஆடுறதுக்குக் காரணம் அநேகமா பேலன்ஸ். ஒரு பக்கம் பத்து இழு, மறுபக்கம் இருபது இழுன்னு தேச்சிருப்பீங்க. சுவத்துல ஆணி அடிச்சு பிளேடோட நடு ஓட்டைய அதுல மாட்டி, படுக்கவசமா நிறுத்தி கைய விடுங்க. அப்படியே நின்னா ஓகே. ஒரு பக்கம் மெல்ல இறங்குச்சுன்னா அந்தப் பக்கம்தான் கனம், அதுலயே இன்னும் நாலு இழு இழுத்துட்டு திரும்ப மாட்டிப் பாருங்க. இத செய்யாம ஓட்டிட்டே இருந்தா பிளேடோட போகாது, எஞ்சின் ஷாஃப்டும் பேரிங்கும் சேர்ந்து அடி வாங்கும். பேலன்ஸ் சரியாகியும் ஆடுதுன்னா பிளேடு வளைஞ்சிருக்கும். அத சுத்தியால தட்டி நிமித்துற வேலையெல்லாம் வேண்டாம், புதுசு வாங்கிடுங்க.

ஆங், நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். கை வெக்கறதுக்கு முன்னாடி ஸ்பார்க் பிளக் ஒயர கழட்டிடுங்க. ஆஃப்லதானே இருக்குன்னு பிளேடை கையால சுத்தினா எஞ்சின் பட்டுன்னு பிடிச்சிக்க வாய்ப்பிருக்கு. சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் மேல பாத்து இருக்கட்டும், இல்லன்னா ஆயில் அதுக்குள்ள போய் அடுத்த ஸ்டார்ட்டுக்கு ஒரே பொகதான்.

கேள்வி: எத்தன நாளைக்கு ஒருக்கா தீட்டணும்?

பதில்: நாள் கணக்கு பாக்காதீங்க, 20-25 மணி நேரம் ஓடினா ஒருக்கா. அதவிட நல்ல கணக்கு புல்லுதான். வெட்டின மறுநாள் குனிஞ்சு ஒரு புல்லோட நுனிய பாருங்க, நேரா அறுந்திருந்தா பிளேடு நல்லாருக்கு, நார் நாரா பிய்ஞ்சு பழுப்பா காஞ்சிருந்தா மழுங்கிடுச்சு.

கேள்வி: தீட்டி மாட்டினதும் சுத்தமா வெட்டவே மாட்டேங்குது, புல்லு படுத்துக்குது!

பதில்: தலைகீழா மாட்டிட்டீங்க. ஓரத்துல றெக்க மாதிரி வளைஞ்ச பாகம் மெஷின் பக்கம் பாக்கணும். அடுத்த தடவ கழட்டறதுக்கு முன்னாடி அடிப்பக்கம் பெயின்ட்டால ஒரு பொட்டு வெச்சிடுங்க.